உச்சிக்கு ஓடாதீர்கள்

மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவையைப் பார்க்க எனக்கு மூன்று நடை ஆயிற்று. முதல் நடையிலேயே பார்த்திருக்க வேண்டியது.

கீழ்பென்னாத்தூரில் காலை பஸ் ஏறினால் செஞ்சிக் கோட்டை 20 கிலோமீட்டர் சொச்சம். தண்ணீர், தொப்பி, பைனாகுலர் போதும். டிக்கெட் கவுண்டர் திறக்கும்போதே நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு நான் போன ஞாயிறன்று படிக்கட்டெல்லாம் செல்ஃபிக் கூட்டம்.

முதல் தடவை கூட வந்தவர் அனுபவஸ்தர் என்று பெயரெடுத்தவர். கழுத்தில் தொங்கிய லென்ஸே என் மூன்று மாதச் சம்பளம் பெறும். "அபூர்வப் பறவை சார், ஜனம் நடமாடாத உயரத்துலதான் இருக்கும்" என்று கோட்டையின் ராஜகிரிக் குன்றின் 800 அடியையும் ஏற வைத்தார். அடிவாரத்தில் சூரைப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நின்றேன். "வெண்புருவச் சின்னான் சார், உங்க வீட்டுக் கொல்லையிலேயே கத்துமே" என்றார். கத்தும்தான், இரண்டின் குரலும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பைனாகுலரைத் தூக்கிப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா? அதை மிச்சம்பிடித்த குற்றத்துக்கு இன்னும் இரண்டு நடை, கூடவே ஒரு முழங்கால். உச்சியில் பார்த்தது குரங்குகளை.

1845இல் பறவையியலாளர் ஜெர்டன் விவரித்த மஞ்சள் தொண்டைச் சின்னானுக்குத் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறு வீடில்லை. அது தேடுவது உயரத்தை அல்ல. பாறை, இடுக்கில் புதர், புதரில் பழம். குன்றைக் கல் குவாரிக்கு விட்டால் மூன்றும் போச்சு.

மூன்றாம் நடை தனியாகப் போனேன். அதே புதருக்கு எதிரே ஒரு பாறை நிழலில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். அதே குரல். பிறகு சாம்பல் உடம்பும் மஞ்சள் தலையுமாக வெளியே வந்தது, உன்னிப்பழம் இரண்டைக் கொத்தியது, உள்ளே போய்விட்டது. வாலடி மஞ்சளை நம்பாதீர்கள், வெண்புருவத்துக்கும் அது உண்டு. தலையும் தொண்டையும் மஞ்சளா என்று பாருங்கள். குரலை ஃபோனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்பவர்களோடு போகாதீர்கள்.

முதல் நாள் கத்தியதும் அதுவேதான் என்று நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரியும்.

படம் இல்லை என்பதால் நம் அனுபவஸ்தர் நம்பவில்லை. போன வாரம் அவரே ஃபோன் செய்து, எந்த இடம் என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க சொன்ன இடம்தான் சார், உச்சியில" என்றேன்.