கொட்டிலுக்கு வைஃபை: கத்தினால் மட்டும் போதாது



இந்தக் கிழமை எபிசோடில் ஒரு கேள்வியை இரண்டு நிமிடத்தில் கடந்து போய்விட்டேன். வீட்டு வைஃபையைத் தோட்டத்தின் கடைசியில் நிற்கிற கொட்டிலுக்கு எப்படிக் கொண்டு போவது? டெனிஷில் உட்ஹுஸ் என்று சொல்வோமே, அதுதான். இது இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை. எனக்கே மூன்று மாதம் எடுத்தது, பிழையான சாமான் ஒன்றையும் வாங்கினேன். அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில், ரவுட்டரில் இருந்து 38 மீட்டர் தள்ளி அந்தக் கொட்டில் இருக்கு. வேலையில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு அப்பா அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சின்ன ஹீட்டர் எல்லாம் வைத்துத் தன்னுடைய இடமாக்கிக்கொண்டார். ஞாயிறு காலையில் யாழ்ப்பாணத்தில் இருக்கிற தன் அக்காவோடு அங்கே இருந்துதான் கதைப்பார். வீட்டுக்குள் இருந்து கதைக்க மாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. எங்கள் காதில் விழாமல் கதைக்கவேண்டிய கதைகளும் அவர்களுக்கு இருக்கும்தானே. மாமிக்கு 80 தாண்டிவிட்டது, காதும் மந்தம்.

கொட்டிலுக்குத் தகரக் கூரை. மொபைல் டேட்டாவும் உள்ளே ஒரு கோடுதான் காட்டும். ஒருநாள் விறகு எடுக்கப் போனபோது என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “கேக்குதோ அக்கா? ... கேக்குதோ? ... இல்லை, நீங்கள் சொன்னது கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ.” ஒரு மணித்தியாலக் கதையில் பாதி இப்படியே போய்க்கொண்டிருந்தது.

நான் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற பிழைதான். ஒரு ரிப்பீட்டர் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் செருகினேன். அப்பாவின் ஃபோனில் நாலு கோடும் நிரம்பிவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. ஞாயிறு வந்தது. பழையபடி “கேக்குதோ?”

ஃபோன் காட்டுகிற கோடு ஃபோனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ள நிலைமை. அந்த ரிப்பீட்டருக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையில் என்ன நடக்குது என்று ஃபோனுக்குத் தெரியாது. சிக்னல் வந்து சேராத இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால், அது தனக்குக் கேட்காததை எப்படித் திருப்பிச் சொல்லும்? ரிப்பீட்டர் நடுவில் நிற்க வேண்டிய சாமான். அப்படி நடுவில் வைத்தாலும், சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் ஒருதரம் வாங்கி மறுதரம் அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குரல் அழைப்புக்கு வேகம் பெரிய பிரச்சினை இல்லை, நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவைப்படாது. ஆனால் அந்தக் கொஞ்சமும் விட்டுவிட்டு வந்தால் பேச்சு உடைந்துவிடும்.

அதற்குப் பிறகுதான், முதல்நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அளந்தேன். ஃபோனில் சிக்னலை டிபிஎம் என்ற அலகில் காட்டுகிற இலவச ஆப் நிறைய இருக்கு. எண் எப்போதும் மைனஸில் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வரப் பலம் கூட. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை குரல் அழைப்பு நன்றாகப் போகும். மைனஸ் 80க்குக் கீழே போனால் கஷ்டம். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 3 டெசிபல் குறைந்தால் பலம் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று.

ரவுட்டர் இருக்கிற அறையில் மைனஸ் 45. சமையலறை யன்னல் ஓரம், ரவுட்டரில் இருந்து பத்து மீட்டரில், மைனஸ் 60. வெளியே போய் அதே யன்னலுக்கு மறுபக்கம் நின்றேன். மைனஸ் 82!

அம்மாவிடம் சொல்லி யன்னலைத் திறக்கச் சொன்னேன். மைனஸ் 62க்கு வந்தது. மூடச் சொன்னேன். திரும்பவும் 82. அம்மா நாலுதரம் திறந்து மூடினா, பிறகு “குளிருது, விசர் வேலை” என்று உள்ளே போய்விட்டா. ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. 38 மீட்டர் தூரம் இல்லை பிரச்சினை, யன்னல்.

டென்மார்க்கில் இப்போது போடுகிற எனர்கிரூடே கண்ணாடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கு, பெரும்பாலும் வெள்ளி. அறையின் வெப்பத்தை அது உள்ளேயே திருப்பி அனுப்பும். வெப்பக் கதிரும் வைஃபையும் ஒரே குடும்பத்து அலைகள்தான். அதனால் பூச்சு வைஃபையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும். இருபது, முப்பது டெசிபல் இதில் போவது சாதாரணம். வெறும் காற்றில் பத்து மீட்டரில் இருந்து 38 மீட்டருக்குப் போவதால் வருகிற இழப்பு 12 டெசிபல்தான். அதாவது ஒரு கண்ணாடி, தோட்டம் முழுவதையும் விட மோசமான தடை. உங்கள் வீட்டிலும் யன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை.

“அப்ப பெரிய அன்டெனா உள்ள பலமான ரவுட்டர் வாங்குவம்” என்று நினைப்பீர்கள். இரண்டு காரணத்துக்காக அது சரிவராது. ஒன்று சட்டம். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அன்டெனா குவிப்பதையும் சேர்த்து 100 மில்லிவாட்தான் உச்சம், பெட்டியில் எத்தனை கொம்பு நின்றாலும். உங்கள் வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே அந்த அளவுக்குக் கிட்ட நிற்கும். மற்றது இன்னும் முக்கியம்: வைஃபை வானொலி இல்லை, அது தொலைபேசிக் கதை மாதிரி. ரவுட்டர் ஒரு துண்டு தரவை அனுப்பினால், “கிடைச்சுது” என்று ஃபோன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ரவுட்டர் அதையே திரும்ப அனுப்பும். ஃபோனின் சின்ன அன்டெனாவும் பட்டரியும் ரவுட்டரை விடப் பலவீனம். நீங்கள் ஒலிபெருக்கியில் கத்தலாம், மறுபக்கத்தில் நிற்கிறவர் வெறும் வாயால் சொல்கிற பதில் உங்களுக்குக் கேட்க வேண்டுமே.

இந்த இடத்தில் தேனிக்கு ஒருதரம் போய்வருவோம். கொட்டிலுக்கு நான் கடைசியில் செய்த வேலையை, அங்கே இருபது வருடத்துக்கு முதல் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. போடிநாயக்கனூர், சின்னமனூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் இருப்பவர் கண் காட்ட தேனிக்குப் போவதென்றால் பஸ் காசும் ஒருநாள் கூலியும் போகும். அதனால் பலர் போகாமலே விட்டுவிடுவார்கள். ஊரிலேயே சின்னப் பார்வை மையம் வைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணைச் சோதிக்க, தேனியில் இருக்கிற மருத்துவர் வீடியோவில் நோயாளியோடு கதைப்பது என்று திட்டம். அதற்கு இணைப்பு வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய குழு, கடையில் வாங்குகிற சாதாரண வைஃபை அட்டைகளையும் ஒரே திசையில் குவிக்கிற அன்டெனாக்களையும் உயரமான கம்பங்களில் ஏற்றி, 15 கிலோமீட்டர் வரை இணைப்புக் கொடுத்தது. கத்துகிற பலத்தைக் கூட்டி அவர்கள் இதைச் செய்யவில்லை. திசையைக் குறுக்கினார்கள்.

தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடும்போது இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவிப்போம். அவர் பதில் சொல்லும்போது அதே கையைக் காதுக்குப் பின்னால் வைப்போம். திசை அன்டெனா இந்த இரண்டு வேலையையும் செய்யும். சட்டம் அளப்பது வாயைத்தான். காதை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

தேனியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 15 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 100 மைக்ரோநொடி வேண்டும். சாதாரண வைஃபை “கிடைச்சுது” என்ற பதிலுக்கு அவ்வளவு நேரம் பொறுக்காது. பதில் வந்துகொண்டிருக்கும்போதே, வரவில்லை என்று நினைத்துத் திரும்ப அனுப்பத் தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதைத்து இரண்டுமே கெட்டுப்போகும். அதனால் அந்தக் குழு மென்பொருளை மாற்றி, இப்போது நீ, அடுத்து நான் என்று நேரத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தது. 2007இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள். அதற்கடுத்த வருடம் எழுதிய கட்டுரைதான் எனக்குக் கூடப் பிடிக்கும். அது அலைகளைப் பற்றியது இல்லை, கரண்டைப் பற்றியது. கிராமத்து மின்சாரத்தில் 500 வோல்டைத் தாண்டிய பாய்ச்சல்களை அளந்து, சாமான்கள் ஏன் செத்துப்போகின்றன என்று விளக்குகிறார்கள். நடைமுறையில் இணைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படியான அலுப்புப் பிடித்த காரணம்தான்.

சரி, பின்வளவுக்குத் திரும்புவோம். உண்மையான விடை கேபிள்தான், அதை ஒளிக்கப் போவதில்லை. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வெளியில் போடுகிற வகையாக வாங்கி, குழாய்க்குள் விட்டுப் புதைத்து, மறுமுனையில் ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் வைத்தால் வேலை முடிந்தது. இடியைப் பற்றிப் பயம் என்றால் ஃபைபர் போடலாம், அது மின்சாரம் கடத்தாது. டேட்டா கேபிளை நீங்களே புதைக்கலாம். 230 வோல்ட் கேபிளில் மட்டும் கை வைக்காதீர்கள், அது அனுமதி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. போகிற வழி முழுக்க அப்பா ஒரு கோடை முழுவதும் முழங்காலில் நின்று தன் கையால் பதித்த கல். “கல்லில கை வைக்கிற வேலை வேண்டாம்” என்றார். முடிந்தது கதை. மின்சார வயர் வழியாகவே இன்டர்நெட் அனுப்புகிற அடாப்டரை நண்பன் ஒருவனிடம் கடன் வாங்கிப் பார்த்தேன். இங்கே வீடுகளுக்கு மூன்று ஃபேஸ் வரும். கொட்டில் வேறு ஃபேஸில் இருந்ததோ என்னவோ, அது ஒப்புக்குத்தான் ஓடியது.

மிஞ்சியது தேனி வழி. திசை அன்டெனா உள்ளே வைத்த சின்னப் பெட்டி இரண்டு, சோடியாக 1000 குரோனருக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றை வீட்டு வெளிச்சுவரில் கூரை விளிம்புக்குக் கீழேயும் மற்றதைக் கொட்டிலின் வெளிச்சுவரிலும் பொருத்தி ஒன்றையொன்று பார்க்க வைத்தேன். சுவரில் ஒரு துளை, அதற்குள்ளால் கேபிள். அதே கேபிளிலேயே கரண்டும் போவதால் வெளியே பிளக் தேவையில்லை. வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியை அலை தொடவே இல்லை, கேபிள் அதைச் சுற்றிக்கொண்டு போகுது. கொட்டிலுக்குள் ஒரு பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் ஆக்கி வைத்தேன்.

இரண்டு இடத்தில் சறுக்கினேன். முதலாவது ராடார். 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரை 1 வாட் வரை அனுமதி உண்டு, வெளியில் வைப்பதற்கு அதுதான் நல்லது. ஆனால் அங்கே ராடார்களுக்கு முன்னுரிமை. பெட்டி எழும்பியதும் முதலில் ஒரு நிமிடம் பேசாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 5600 முதல் 5650 வரை வானிலை ராடாரின் இடம், அங்கே பத்து நிமிடம் கேட்க வேண்டும். வானிலை நிறுவனமான டிஎம்ஐ ரோமோ, சிந்தல் போன்ற இடங்களில் வைத்திருக்கிற மழை ராடார்கள் இந்தப் பக்கத்து அலைவரிசையைத்தான் பாவிக்கின்றன. எங்கள் பெட்டி தானாக அந்த இடத்தைத் தெரிவு செய்திருந்தது. அப்பா கரண்டை மிச்சம் பிடிக்க இரவில் கொட்டிலின் சுவிட்சை அணைப்பார். ஞாயிறு காலை போட்டதும் பத்து நிமிடம் இன்டர்நெட் இல்லை. “வாங்கி ஒரு கிழமையில பழுதாப் போச்சு.” சேனலைக் கையால் 100க்கு மாற்றினேன், காத்திருப்பு ஒரு நிமிடமாகியது. சுவிட்சுக்கு மேலே அம்மா ஒரு துண்டு ஒட்டினா: அணைக்க வேண்டாம்.

இரண்டாவது ஆப்பிள் மரம். பெட்டிகளை மார்ச்சில் பூட்டினேன், மரம் மொட்டையாக நின்றது. மே மாதம் இலை வந்ததும், மழை பெய்கிற நாளில் சிக்னல் விழத் தொடங்கியது. ஈரமான இலை வைஃபையைக் குடித்துவிடும். கண்ணுக்கு நேரே மறுபக்கம் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அலை ஒரு நூல் மாதிரிப் போவதில்லை, நடுவில் தடித்த வாழைப்பொத்தி மாதிரிப் போகும். 38 மீட்டருக்கு 5.5 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியில் சுற்றிவர 70 சென்டிமீட்டர் அளவு வெளி வேண்டும். மரத்தை வெட்டக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை. கொட்டில் பக்கத்துப் பெட்டியை ஒன்றரை மீட்டர் இடப்பக்கம் நகர்த்தினேன். இந்த மேற்கு யூட்லாண்ட் காற்றுக்கு, கம்பத்தில் ஏற்றாமல் சுவரிலேயே இறுக்கியது நல்லதாகப் போய்விட்டது.

இப்போது கொட்டிலுக்குள் மைனஸ் 50. ஒரு குறை மட்டும் இருக்கு. இரண்டு இடத்துக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்தேன். சமையலறையில் கதையைத் தொடங்கி நடந்து போனால், ஃபோன் வீட்டு ரவுட்டரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டே போய் மரத்தடியில் கதையை அறுத்துவிடும். கொட்டிலுக்கு வேறு பெயர் வைக்கவா என்று அப்பாவிடம் கேட்டேன். வேண்டாமாம். கொட்டிலுக்குப் போய், கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்ட பிறகுதான் அவர் அக்காவுக்கு எடுக்கிறார்.