மீன் தொட்டிக் கழிவும் அதனைச் சுத்தி செய்யும் முறையும்

செங்கற்பட்டு ஜில்லாவில் திருவிடந்தை முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடலோரக் கிராமங்களில் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. குளம் வெட்டினால் தண்ணீர் தங்காமல் அடியில் இறங்கிவிடும். ஆகையால் இப்பக்கத்தில் நன்னீர் மீன் வளர்க்க விரும்பும் குடியானவர்கள் கிணற்றருகே சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்ப்பதே தக்கது. ஆனால் குளத்திற்கும் தொட்டிக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. குளத்தில் மீன் கழிவின் பெரும்பகுதியைச் சேறும் பாசியும் ஏற்றுக்கொள்ளும். தொட்டியில் அவ்வேலையை வளர்ப்பவரே செய்தாக வேண்டும். செய்யத் தவறினால் ஓர் இரவிலேயே போட்ட முதல் முழுவதும் நஷ்டமாகலாம்.

கழிவின் அளவு

தீனியிலுள்ள புரதத்தில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே மீனின் உடலில் தங்குகிறது. மீதியில் பெரும்பாகம் செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. ஒரு கிலோ தீனிக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியாத் தழைச்சத்து உண்டாகும் என்று கணக்கிடலாம்.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் நீராழமுள்ள தொட்டி 60,000 லிட்டர் கொள்ளும். அதில் 300 கிலோ எடையுள்ள மீன் இருந்து, நூற்றுக்கு 2 வீதம் தீனியிட்டால், நாளொன்றுக்கு 6 கிலோ தீனியும் 180 கிராம் அம்மோனியாத் தழைச்சத்தும் ஆகும். அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம். 28 டிகிரி சூட்டில், நீரின் பி.எச். அளவு 7 ஆயின், இதில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சான வாயுவாக இராது. பி.எச். 8 ஆயின் நூற்றுக்கு ஆறேழு பங்கும், 9 ஆயின் சுமார் 40 பங்கும் நஞ்சாக மாறும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மீனுக்குக் கெடுதி. நமது தொட்டியில் பி.எச். 8 என்றால், ஒரே நாளில் சேருவது 0.2 மில்லிகிராம், நான்கு மடங்கு. பாசி மிகுந்த தொட்டியில் பிற்பகலில் பி.எச். ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் வேலை: திடக்கழிவை நீக்குதல்

சாணத்தைத் தொழுவத்தில் வாரிவிடுவது போல, மீனின் எச்சத்தையும் மிஞ்சிய தீனியையும் கரையுமுன் அகற்ற வேண்டும். தொட்டியின் தளத்தை நடுவில் சரிவாக அமைத்து, அங்கே வடிகுழாய் வைத்து, காலை மாலை இருவேளையும் திறந்துவிட வேண்டும். வடிந்த நீரை ஒரு சிறு படிவுத் தொட்டியில் நிறுத்தினால் வண்டல் அடியில் தங்கும். கால் மணி நேரத்தில் மீன் உண்டு தீர்க்கும் அளவே தீனியிடுவது நலம்.

இரண்டாம் வேலை: ஜல்லிப் படுகை

கரைந்த அம்மோனியாவை வலையாலும் துணியாலும் வடிக்க இயலாது. அதை மாற்றுவன பாக்டீரியாக்கள். வயலில் இட்ட எருவை நைட்ரேட்டாக்குவது உயிருள்ள பொருளே என்பதை 1877-இல் பிரான்ஸ் தேசத்து ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்பவர்கள் காட்டினார்கள். 1890-இல் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும்.

இவை குடியிருக்க, தொட்டிக் கொள்ளளவில் பத்திலொரு பங்கு, அதாவது 6 கன மீட்டர், 20 மில்லிமீட்டர் ஜல்லிப் படுகை போதும். ஒன்று அல்லது இரண்டு மணிக்கொருமுறை தொட்டி நீர் முழுவதும் இதன் வழியே சுற்றிவர வேண்டும். பின்வருவன கவனிக்கத்தக்கவை:

1. படுகை பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனும் தீனியும் குறைவாகவே இருக்கட்டும்.
2. ஜல்லியைக் குளோரின் கலந்த நீரில் கழுவலாகாது, பாக்டீரியா மடியும். தொட்டி நீரிலேயே அலசுக.
3. மின்சாரம் நின்றால் படுகையும் மூச்சடைக்கும். காற்றூட்டுவதற்கு மாற்று ஏற்பாடு அவசியம்.
4. இம்மாறுதலில் நீரின் சுண்ணச்சத்து செலவாகிப் பி.எச். இறங்கும். படுகையில் கிளிஞ்சல் பரப்பினால் ஓரளவு ஈடாகும்.
5. செவுள் பழுப்பு நிறமானால் நைட்ரைட்டு மிகுந்ததென அறிக. தீனியை நிறுத்தி, ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு கரைத்துவிடலாம்.

மூன்றாம் வேலை: கழிவு நீரைப் பயிருக்குச் செலுத்துதல்

படுகையில் உண்டான நைட்ரேட்டு தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். நாள்தோறும் பத்திலொரு பங்கு, 6,000 லிட்டர், வெளியேற்றிப் புதுநீர் விட வேண்டும். நமது கணக்குப்படி அந்நீரில் லிட்டருக்குச் சுமார் 130 மில்லிகிராம் நைட்ரேட்டு இருக்கக்கூடும். குடிநீருக்கு இந்தியாவில் வகுத்த எல்லை 45 மில்லிகிராம். மணற்பூமியில் குழி வெட்டி இந்நீரை விட்டால், அது நேரே ஊர்க்கிணற்றுக்கே போய்ச் சேரும். நைட்ரேட்டு மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. ஊராட்சியாரும் கிராம நிர்வாக அலுவலரும், தொட்டி கட்டுமுன்பே கழிவு நீர் எங்கே போகும் என்று விசாரித்தல் வேண்டும்.

வேடந்தாங்கல் குடியானவர்கள், பறவை எச்சம் விழுந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று கண்டே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர். மீன் தொட்டி நீரும் அத்தகையதே. 6,000 லிட்டர் நீர் ஏறக்குறைய ஓர் ஏக்கர் தென்னைக்குப் போதும். ஆண்டு முழுவதும் மேற்சொன்ன அளவு மீன் இருக்குமாயின், கழிவின் தழைச்சத்து மூன்று மூட்டை யூரியாவுக்குச் சமமாகும். காற்றில் ஒரு பகுதி போனாலும் மிச்சம் பெரிதே. வண்டலை எருக்குழியில் சேர்க்கலாம். உப்பிட்ட நீரை மட்டும் நாற்றங்காலுக்கும் காய்கறிக்கும் பாய்ச்சாது தென்னைக்கே விடுக.

ஆகவே, பாய்ச்சுவதற்குத் தோட்டம் இல்லாதவர் பெருந்தொட்டி கட்டாதிருப்பதே நன்று. தோட்டமுள்ளவர் அதன் அளவறிந்து தொட்டியும், தொட்டியின் அளவறிந்து மீனும் வைத்துக்கொண்டால், மீனும் தென்னையும் ஊர்க்கிணறும் ஒருங்கே நலமாயிருக்கும்.