தறியில் பூத்த அடையாளங்கள்

ஏர்வாடி தர்காவுக்கு வருவோர் போர்வை கொண்டுவந்து காணிக்கை செலுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். ஆலயப் பீடத்து விரிப்பிலோ திராட்சைக் கொடியைப் பூவேலையாகத் தைக்கிறோம். துணியும் பேசும் என்பதற்கு இவை சான்று. இவ்வாறு துணியைப் பேசவைத்தவர்களுள் எகிப்து நாட்டுக் காப்டிக் கிறிஸ்தவர்கள் சிறந்தவர்கள்.

எகிப்து நம் கரைக்குப் புதிய நாடன்று. நம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1986-87 முதல் நடந்த அகழாய்வுகளில் உரோம நாணயங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடும் இந்தியப் பருத்தித் துணியும் கிடைத்துள்ளன. நம் ஈரமண் துணியை அரித்துவிடும். எகிப்தின் வறண்ட மணலோ கல்லறை ஆடைகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்தது.

நெசவு முறை

ஆடையைச் சாயமிடாத ஆளிநார் நூலால் நெய்தனர். ஆளிநாரில் சாயம் எளிதில் ஏறாது. ஆதலால் உருவங்களுக்கு மட்டும் சாயமேற்றிய ஆட்டு உரோம நூலைக் கொண்டனர். ஒவ்வொரு நிற ஊடையையும் உருவத்தின் எல்லைவரை செலுத்தித் திருப்பினர். எனவே உருவம் துணிமேல் தைத்ததன்று, துணியோடு பிறந்தது.

அடையாளங்கள்

பழைய எகிப்தியர் 'உயிர்' என்னும் பொருளில் எழுதிய, தலையில் வளையமுள்ள குறியைக் காப்டிக் மக்கள் சிலுவையாக ஏற்றனர். கிரேக்கரின் மதுத் தெய்வத்துக்குரிய திராட்சைக் கொடி, அவர்களுக்கு ஆண்டவரை நினைவூட்டியது. மயில் அழியா வாழ்வைக் குறித்தது. முயலும் ஆடல் மகளிரும்கூட உண்டு. ஏழாம் நூற்றாண்டில் எகிப்து அரபு ஆட்சிக்கு உட்பட்ட பின்னும் தறிகள் ஓயவில்லை. அதே கைகள் அரபு எழுத்துப் பட்டைகளையும் நெய்தன. ஆட்சி மாறினும் கைத்திறன் மாறவில்லை!

நமக்கு ஒரு பாடம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லறைகளைத் தோண்டியவர் பலர், உருவங்களை மட்டும் வெட்டி விற்று, வெறுந்துணியை எறிந்துவிட்டனர். அதனால் பல அருங்காட்சியகங்களில் இன்று இருப்பவை துண்டுகளே. அது யார் உடுத்தியது, எப்படி உடுத்தியது என்னும் செய்திகள் மறைந்தன.

நம் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியின் சேலை ஒன்று இருக்கும். ஜரிகைக்காக அதை வெட்டுமுன், கரையிலுள்ள பூவின் பெயரையும், அது எந்த ஊர்த் தறியில் நெய்தது என்பதையும் பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்போமாக!