கழுவாய் நாள்: யூதர் வழிபாட்டில் மன்னிப்பு நெறி

முன்னுரை

ஒரு சமயத்தாரின் புனித நாளின் பெயர், பிற சமயத்தார் செவிகளுக்கு ஒரு போரின் பெயராகவே வந்து சேருமாயின் அது வருந்தத்தக்கதாகும். 'யோம் கிப்பூர்' என்னும் எபிரேயத் தொடர் நம்மில் பலரை அவ்வாறே வந்தடைந்தது. 1973 அக்டோபர் 6-ஆம் நாள் மேற்காசியாவில் மூண்ட போரை யூதர் 'யோம் கிப்பூர் போர்' என்றனர். அன்று ரமளான் பிறை 10 ஆதலின் அரபியர் அதனையே 'ரமளான் போர்' என்றனர். இரு சாரார்க்கும் நோன்பு நாளாக இருந்த ஒரு நாளில் குருதி சிந்தியது. போரைப் பற்றிப் படித்தோம். அந்த நாள் எதற்காக ஏற்பட்டது என்பதைப் படித்தோமில்லை.

பாலஸ்தீன மக்களின் துயரங் கண்டு நம் உள்ளம் நோகின்றது. அந்நோவு நேரியது. எனினும் ஓர் அரசின் செயல் வேறு; ஒரு மக்களின் வழிபாடு வேறு. இரண்டையும் பிரித்தறிவது கல்வியின் கடனாகும். திருக்குர்ஆன் யூதரை 'வேதத்தையுடையோர்' என்று குறிக்கின்றது. அவ்வேதத்தையுடையோர் தம் ஆண்டின் மிகப் புனிதமான நாளில் இறைவனிடம் எதனை வேண்டுகின்றனர்? பிரார்த்தனை எக்குற்றத்தைப் போக்கும், எக்குற்றத்தைப் போக்காது என அவர்தம் சான்றோர் வகுத்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

'யோம்' என்பது நாள். அரபியில் 'யவ்ம்' என வழங்குவதும் இதுவே. 'கிப்பூர்' என்பது குற்றத்தை மூடுதல், துடைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். நோன்பு முறிந்தாலும் சத்தியம் முறிந்தாலும் நாம் நிறைவேற்றும் 'கஃப்பாரா' என்பதும் அவ்வேரினதே. பாவத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ஹேத்' என்பது. இலக்குத் தவறுதல் என்பது அதன் அடிப்பொருள். அரபியின் 'கதா' என்னும் சொல் இதனோடு உறவுடையது. பாவமன்னிப்புக் கோருதலை யூதர் 'தெஷுவா' என்பர். நாம் 'தவ்பா' என்போம். இரண்டிற்கும் பொருள் 'திரும்புதல்' என்பதேயாகும். வழி தவறியவன் வந்த வழியே மீள்கிறான் என்பதே இதன் உட்கருத்து.

தமிழில் இதற்கு நேரான சொல் 'கழுவாய்' என்பது. இது பழஞ்சொல், புறநானூற்றின் 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் இதனை ஆள்கிறார். கொடிய பாவங்கட்கும் கழுவாய் உண்டு என்றும், செய்ந்நன்றி கொன்றார்க்கு மட்டும் உய்வில்லை என்றும் அறநூல் கூறுவதாக அப்பாடல் மொழிகின்றது. சடங்கினால் தீராத குற்றமும் உண்டு என்னும் எண்ணம் தமிழர்க்கும் புதிதன்று என்பதை மாணவர் இவ்விடத்தே நினைவிற் கொள்க.

பலியிலிருந்து பிரார்த்தனைக்கு

யூதர் நாட்காட்டியில் திஷ்ரி மாதம் முதல் நாள் புத்தாண்டு. 'ரோஷ் ஹஷானா' எனப்படும். பத்தாம் நாள் யோம் கிப்பூர். பழங்காலத்தில் எருசலேம் ஆலயத்தில் இந்நாள் எவ்வாறு கொண்டாடப்பட்டது என்பதை லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் விரித்துரைக்கின்றது. தலைமைக் குரு வெண்ணிற மெல்லாடை அணிவார். முதலில் தமக்காகவும் தம் வீட்டார்க்காகவும், பின்னரே மக்களுக்காகவும் பாவநிவாரணம் தேடுவார். இரு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடப்படும். ஒன்று பலியாகும். மற்றதன் தலைமீது கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதனைப் பாலைவனத்திற்கு ஓட்டிவிடுவர். ஆலயத்தின் உட்கருவறைக்குள் தலைமைக் குரு நுழைவது ஆண்டு முழுவதிலும் இந்நாளில் மட்டுமேயாகும்.

கி.பி. 70-இல் ரோமானியர் அவ்வாலயத்தை அழித்தனர். பலிபீடம் இல்லை, குரு இல்லை, கருவறையும் இல்லை. இனிப் பாவமன்னிப்புக்கு வழி யாது என்னும் வினா அம்மக்கள் முன் நின்றது. இவ்வினாவிற்கு அவர்தம் அறிஞர் கண்ட விடையே இன்றைய யோம் கிப்பூர் ஆகும். பலி நின்ற இடத்தில் பிரார்த்தனையும் நோன்பும் மனந்திரும்புதலும் வந்து நின்றன. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற 'மிஷ்னா' என்னும் சட்டத் தொகுப்பில் 'யோமா' என்னும் பகுதி இந்நாளுக்கென்றே அமைந்தது. அதன் எட்டு அதிகாரங்களுள் ஏழு ஆலயச் சடங்குகளையே பெரிதும் பேசுகின்றன. எட்டாவது அதிகாரமோ நோன்பையும் மனந்திரும்புதலையும் பேசுகின்றது. இன்று நடைமுறையில் வாழ்வது அவ்வெட்டாம் அதிகாரமே.

நோன்பும் ஐந்து தொழுகைகளும்

முதல்நாள் கதிரவன் மறைவதற்கு முன் தொடங்கி மறுநாள் இரவு கவியும்வரை ஏறத்தாழ 25 மணிநேரம் நோன்பு நீள்கின்றது. உண்ணலும் பருகலும், நீராடல், எண்ணெயும் நறுமணமும் பூசுதல், தோற்செருப்பு அணிதல், இல்லறக் கூட்டம் ஆகிய ஐந்தும் விலக்கப்பட்டவை. எனினும் உயிருக்கு இடர் வருமாயின் நோயாளிக்கு உணவளிப்பது கடமை என மிஷ்னா கூறுகின்றது. அன்று பலர் வெண்ணிற ஆடை உடுத்துவர். ஐரோப்பிய யூதர் பலரிடத்தில் அவ்வாடை, இறந்த பின் உடலைப் போர்த்தும் ஆடையாகவும் பயன்படும். உயிரோடிருக்கும்போதே தன் கஃபனை உடுத்து இறைமுன் நிற்பதன் பொருளை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இந்நாளில் ஐந்து தொழுகைகள் நிகழ்கின்றன: மாலை, காலை, கூடுதல் தொழுகை, பிற்பகல், நிறைவுத் தொழுகை. மாலையில் 'கோல் நித்ரே' என்னும் அரமேய வாசகம் மும்முறை ஓதப்படும். அது நேர்ச்சைகளை நீக்குமாறு வேண்டும் வாசகம். இதனைக் காட்டி, 'யூதர் வாக்கை நம்பலாகாது' என நெடுங்காலம் பழி தூற்றினோர் உளர். அஃது உண்மையன்று. மனிதன் தனக்கும் இறைவனுக்கும் இடையே தானே ஏற்றுக்கொண்ட நேர்ச்சைகளையே அது குறிக்கும் என்றும், பிற மனிதருக்கு அளித்த வாக்கை அது சிறிதும் தளர்த்தாது என்றும் அவர்தம் சட்ட அறிஞர் தெளிவுறுத்தியுள்ளனர்.

காலைத் தொழுகையில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படுகின்றது. அதன் 58-ஆம் அதிகாரம் நோன்பாளிகளையே கடிந்துரைப்பது வியப்பிற்குரியது. வேலைக்காரரை வருத்திக்கொண்டே நோற்கும் நோன்பு எதற்கு என்றும், ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதும் பசித்தோர்க்கு உணவைப் பகிர்வதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்றும் அது கேட்கின்றது. நோற்போர் பசியோடு அமர்ந்திருக்கும் வேளையிலேயே இக்கண்டனத்தைக் கேட்குமாறு அமைத்தனர் முன்னோர்.

கூடுதல் தொழுகையில் பழைய ஆலய வழிபாட்டை நினைவுகூரும்போது பலர் மண்டியிட்டு நெற்றி நிலந்தோய வணங்குவர். பிற்பகலில் யோனாவின் நூல் முழுமையும் வாசிக்கப்படும். நாம் நபி யூனுஸ் (அலை) என்று போற்றும் அப்பெருமகனாரை மீன் விழுங்கியதும், இருளில் அவர் இறைஞ்சியதும், அவர்தம் சமூகத்தார் மனந்திரும்பித் தண்டனையினின்றும் தப்பியதும் திருக்குர்ஆனிலும் இடம்பெற்ற செய்திகள். மிஷ்னாவின் நோன்புப் பகுதி இதில் ஒரு நுட்பத்தைக் காட்டுகின்றது. நினிவே மக்களின் சாக்குடையையும் நோன்பையும் இறைவன் பார்த்ததாக நூல் கூறவில்லை. தீய வழியை விட்டுத் திரும்பிய அவர்தம் செயலைப் பார்த்ததாகவே கூறுகின்றது என்பதே அந்நுட்பம்.

இறுதித் தொழுகை 'நெயிலா'. வாயில் அடைக்கப்படுதல் என்பது பொருள். வானத்து வாயில் சாத்தப்படும் நேரமெனக் கருதி நின்றவண்ணம் உருகுவர். இறைவன் ஒருவனே என்னும் சான்றுரை முழங்க, ஆட்டுக்கடாக் கொம்பாலாகிய 'ஷோஃபார்' நெடிது ஊதப்பட, நாள் நிறைவெய்தும்.

'நாம்' என்னும் சொல்

இத்தொழுகைகளினூடே மீண்டும் மீண்டும் வருவது பாவ அறிக்கை. அதன் அமைப்பு இலக்கிய மாணவர் நோக்கத்தக்கது. எபிரேய நெடுங்கணக்கின் எழுத்து வரிசையிலே ஒவ்வொரு குற்றமாக அடுக்கப்படுகின்றது. நம் ஆத்திசூடி அறங்களை எழுத்து வரிசையில் அடுக்குவது போல, இஃது குற்றங்களை அடுக்குகின்றது. முதலெழுத்துத் தொட்டு இறுதியெழுத்து வரை எதனையும் விடாமல் சொல்லிவிட வேண்டும் என்னும் தவிப்பு அதில் புலனாகின்றது. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் நெஞ்சில் கையால் மெல்லத் தட்டிக்கொள்வர்.

அக்குற்றங்களுள் கொலையும் களவும் மட்டுமே இருப்பதாக எண்ணலாகாது. புறங்கூறல், வீண்பேச்சு, ஏளனம், பொய்யாணை, வட்டி, கையூட்டு, வாணிகத்தில் வஞ்சம், காரணமற்ற பகை என்பனவும் இடம்பெறுகின்றன. நாவினால் விளையும் குற்றங்கள் அவற்றுள் மிகுதி. அத்துடன், அறிக்கை முழுவதும் பன்மையில் அமைந்துள்ளது. 'நான் செய்தேன்' என்றில்லாமல் 'நாம் செய்தோம்' என்றே ஒவ்வொருவரும் கூறுவர். வட்டி வாங்காதவனும் 'நாம் வாங்கினோம்' என்பான். ஒருவன் குற்றம் செய்யுங்கால் கண்டும் தடுக்காதிருந்த சமூகத்திற்கும் அதில் பங்குண்டு என்னும் உணர்வே இதன் அடிப்படை. நற்பெயருக்கு 'நாம்' என்றும் பழிக்கு 'அவன்' என்றும் சொல்லிப் பழகிய மனித இயல்புக்கு இஃது ஒரு கடிவாளமாகும்.

நாள் போக்காத குற்றம்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். இத்துணை நோன்பும் தொழுகையும் எல்லாக் குற்றங்களையும் போக்கிவிடுமா? 'இல்லை' என்பதே மிஷ்னாவின் விடை. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட குற்றங்களை யோம் கிப்பூர் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டதை, பாதிக்கப்பட்டவனைச் சென்று கண்டு அவன் உள்ளத்தை ஆற்றும்வரை அந்நாள் போக்காது என்று அது வரையறுக்கின்றது. பாவம் செய்வேன், பின்னர் இந்நாள் அதனைப் போக்கிவிடும் எனத் துணிபவனுக்கு இந்நாளால் பயனில்லை என்றும் எச்சரிக்கின்றது. ஆதலின் புத்தாண்டிற்கும் இந்நாளுக்கும் இடைப்பட்ட நாள்களில் யூதர் உறவினரையும் அண்டை அயலாரையும் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பர். கடன் இருப்பின் தீர்ப்பர்.

இந்நெறியை விரித்துரைத்தவருள் தலையாயவர் மூஸா இப்னு மைமூன் எனப்படும் மைமோனிடீஸ் (1138-1204). ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்து எகிப்தில் அரண்மனை மருத்துவராகத் திகழ்ந்து, அரபியிலும் நூல்கள் இயற்றியவர் இவர். பாதிக்கப்பட்டவன் மன்னிக்க மறுத்தால் நண்பர் மூவருடன் சென்று மீண்டும் கேட்க வேண்டும். இவ்வாறு மும்முறை செல்ல வேண்டும். அவன் தன் ஆசிரியனாயின் ஆயிரம் முறையாயினும் செல்ல வேண்டும். அவன் இறந்துவிட்டிருப்பின் பதின்மரை அழைத்துச் சென்று கல்லறைமுன் குற்றத்தை ஒப்ப வேண்டும். கேட்கப்படுபவனும் கல்நெஞ்சனாய் இருத்தலாகாது. அதே குற்றத்தைச் செய்யும் வாய்ப்பும் வலிமையும் மீண்டும் வாய்த்தும் ஒருவன் செய்யாதிருப்பானாயின் அதுவே முழுமையான மனந்திரும்புதல் என்பது அவர் கண்ட முடிபு.

நம் மார்க்கத்தின் ஒளியில்

இக்கருத்துகளைப் படிக்குந்தோறும் நமக்கு இமாம் நவவீ (1233-1277) நினைவிற்கு வருவார். குற்றத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்யாமைக்கு உறுதி பூணுதல் என தவ்பாவிற்கு மூன்று நிபந்தனைகளை அவர் கூறுகின்றார். குற்றம் மனித உரிமையைச் சார்ந்ததாயின், உரியவர்க்கு உரியதைத் திருப்பித் தருதல் என்னும் நான்காவதனையும் சேர்க்கின்றார். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிரம்பக் கொண்டுவந்தும், பிறரை ஏசியும் அடித்தும் பொருளைப் பறித்தும் இருந்தமையால் நன்மைகள் யாவும் அவர்களுக்குப் பங்கிடப்பட்டு மறுமையில் ஓட்டாண்டியாகி நிற்பவனைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்த செய்தி நாமறிந்ததே. ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் வீடுவீடாகச் சென்று பிழை பொறுக்குமாறு கேட்பதும், ஜனாஸாத் தொழுகைக்கு முன் 'இவர் எவர்க்கேனும் கடன்பட்டிருந்தால் எம்மிடம் கேளுங்கள்' என வாரிசுகள் அறிவிப்பதும் இந்நெறியின் வழக்குகளே.

வேற்றுமைகள் உள, மறைப்பதற்கில்லை. நமக்கு ஓராண்டிற்கொரு நாள் என்றில்லை. தவ்பாவின் வாயில் அன்றாடம் திறந்துள்ளது. யூதரும் எந்நாளும் மனந்திரும்பலாம் என்றே கூறுவர். எனினும் இந்நாளுக்கு அவர் தரும் இடம் தனித்தது. நபிகள் நாயகம் (ஸல்) மதீனா வந்தபோது யூதர் நோற்ற நோன்பைக் கண்டு, மூஸா (அலை) அவர்கட்கு நாமே மிக உரியோர் எனக் கூறி ஆஷூரா நோன்பு நோற்றமை நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. பிற சமயத்தாரிடம் கண்ட நன்மையை அவர்கள் புறக்கணித்தாரல்லர் என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

பலி நின்றபோது பிரார்த்தனை வந்தது. அப்பிரார்த்தனைக்கும் ஓர் எல்லை உண்டு என அதனை வகுத்தோரே கூறினர். அண்டை வீட்டானிடம் பெறவேண்டிய மன்னிப்பை ஆண்டவனிடம் பெற்றுவிட முடியாது என்பதே அவ்வெல்லை. இவ்வளவுகோல் தனிமனிதர்க்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் பொருந்தும். நிலமிழந்தோரையும் வீடிழந்தோரையும் ஆற்றாத அரசு எதுவாயினும், அதன் கழுவாய் நாள் நிறைவெய்தாது. இக்கேள்வியை நாம் வெளியிலிருந்து எழுப்ப வேண்டுவதில்லை. அவர்தம் மிஷ்னாவும் ஏசாயாவுமே எழுப்புகின்றன.

ஆயினும் பிறர்மீது அளவுகோலை வைப்பதோடு நின்றுவிடின் நாம் படித்தது வீணாகும். பராஅத் இரவிலும் ரமளான் 27-ஆம் இரவிலும் பள்ளிவாயில்களில் நாம் கண்ணீர் மல்க நிற்கின்றோம். அதே வேளையில் சொத்துப் பங்கில் உடன்பிறந்தாளுக்கு உரியதைக் கொடாதிருப்போரும், ஒரு சொல்லால் பிரிந்த அண்ணனிடம் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்போரும் நம் வரிசையில் நிற்கின்றனர். 'நாம்' என்றே சொல்லுவோம்; அதுவே இந்நாள் கற்பித்த பாடம். இம்மலரைக் கையிலேந்தும் மாணவச் செல்வங்களும் ஊர்ப் பெரியோர்களும், அடுத்த தொழுகைக்குக் கை கட்டுமுன், தாம் சென்று பார்க்க வேண்டிய வீடு ஒன்று உளதா என எண்ணிப் பார்ப்பாராக. உளதாயின் முதலில் அவ்வீட்டிற்குச் செல்க.