நொய்யல் கரையில் ஓட்டுக் கேட்கப் புறப்படுகிறவர்களுக்கு

ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்று, ஆற்றையும் கிணற்றையும் பற்றி ஊர் ஊராகப் பேசப் போகும் தம்பி தங்கைகளுக்கு, அந்த வழியில் முன்னால் நடந்த பெரியப்பன் சொல்வது:

1. நோட்டீஸ் அடிக்கும் முன் ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளிங்கிரி மலையில் பிறக்கிற தண்ணீர் கோவையும் திருப்பூரும் தாண்டி என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரத்துப்பாளையம் அணைமேல் ஒரு சாயங்காலம் நில்லுங்கள். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணை அது. சாயப்பட்டறைகளின் கழிவுத்தண்ணி வந்து தேங்கி, திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது.

2. காலையில் பால் சொசைட்டியிலும் பொழுது சாய்ந்தால் கோயில் திண்ணையிலும் ஆட்களைப் பாருங்கள். உச்சி வெயிலில் மைக் கட்டாதீர்கள்.

3. முதல் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். என் முதல் தேர்தலில் ஒரு ஊரில் அரை மணி நேரம் மாசு பற்றிப் பேசினேன். முடிந்ததும் ஒரு பாட்டி, "வா சாமி" என்று தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து எருமை முன்னால் வைத்தார். எருமை மோந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. வாளியின் உள்பக்கம் விரலால் வழித்துக் காட்டினார், வெள்ளையாக உப்பு. அன்று முதல் என் பேச்சை வாளியில்தான் தொடங்கினேன்.

4. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதை வைத்து யார் பட்டறையையும் கை காட்டாதீர்கள். அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும்.

5. இதுதான் கஷ்டமான இடம், நிதானமாகக் கேளுங்கள். 2011 ஜனவரியில், கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றோரத்தில் மூச்சு வந்தது. பட்டறைக்குப் போன பிள்ளைகள் வேலையில்லாமல் திரும்பினார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் அப்பன் தோட்டம் கெட்டவர், மகன் வேலை போனவன். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திண்ணையில் நின்று, "பட்டறையே வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவும் கூடாது. சுத்திகரிப்புச் செலவை ஆற்றின் தலையிலும் கூலிக்காரர் தலையிலும் கட்டாமல், லாபம் பார்க்கிறவர் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். அப்பனும் மகனும் சேர்ந்து தலையாட்டும் பேச்சு அது ஒன்றுதான்.

6. ஜெயித்தால் பட்டறையை மூடுவேன் என்று சொல்லாதீர்கள். அந்த அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது, கவுன்சிலரிடம் இல்லை. மனு எழுதுவேன், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கூடவே வருவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.

7. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, தண்ணீர் தினம். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கு ஊரில் இருங்கள். கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கச் சொல்லித் தீர்மானம் போடச் செய்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு மட்டும் எழுந்திருங்கள். தீர்மானம் எழுதாத வெறும் தாளில் கையெழுத்து வாங்கினால், எழுதி முடிக்கும் வரைக்கும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வாசலில் நின்று சொல்லுங்கள்.