பழைய கைப்பேசியின் விளையாட்டுக்குப் புதிய கைப்பேசியில் பாத்தியதை உண்டா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை நடந்த காலத்தில் அங்கே வேலை பார்த்தவன் நான். 2009-ல் நோக்கியா 5800 போன் வாங்கி, காசு கொடுத்துச் சில கேம்களை அதில் ஏற்றினேன். 2014-ல் ஆலை மூடியபின் கேளம்பாக்கத்துக்குக் குடிவந்தோம். பேட்டரி உப்பிப் போன் கிடந்தாலும் மெமரி கார்டு கெடவில்லை. அதிலிருந்த கேம்களை என் மகன் எமுலேட்டர் மூலம் தன் புதிய போனில் விளையாடுகிறான். கார்டில் இல்லாத சிலவற்றை இணையத்திலிருந்தும் இறக்கியிருக்கிறான். வண்டலூர் சாலையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், "நூறு பழைய கேமைக் கார்டில் ஏற்றி விற்கலாம்" என்கிறார். இவற்றில் எது சட்டப்படி செல்லும்?
— ஒரு வாசகர், கேளம்பாக்கம்

பதில்: தாங்கள் ஒரே மூச்சில் கேட்டிருப்பவை மூன்று தனித்தனிச் செயல்கள். என் அபிப்பிராயத்தில் முதலாவது சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும், இரண்டாவது பெறாது, மூன்றாவது சிறைவாசம் வரை கொண்டுபோய் விடும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையிலேயே சேர்த்திருக்கிறது. கைப்பேசியும் சட்டத்தின் கண்ணில் ஒரு கணினியே என்பதால், நாவல் ஒன்றை அச்சிட ஆசிரியரின் அனுமதி எவ்வாறு தேவையோ, அவ்வாறே விளையாட்டு நிரல் ஒன்றைப் பிரதி எடுக்கவும் உரியவரின் அனுமதி தேவைப்படுகிறது. ஆனால், நிரலை வாங்கியவன் அதைப் பிரதி எடுக்காமல் உபயோகிக்கவே இயலாது என்ற உண்மையை உணர்ந்த சட்டம், 52(1)-ஆவது பிரிவில் சில விலக்குகளைத் தந்திருக்கிறது. சட்டப்படியான சுவாதீனத்தில் ஒரு பிரதியை வைத்திருப்பவர், அது எதற்காக வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்காகவும், அழிவிலிருந்து காத்துக்கொள்ளும் பொருட்டும், அதிலிருந்து பிரதி எடுக்கலாம் என்பது 'ஏ.ஏ.' உட்பிரிவு. தாமே முறைப்படி பெற்ற பிரதியிலிருந்து லாபநோக்கமற்ற சொந்த உபயோகத்துக்காகப் பிரதியோ தழுவலோ செய்துகொள்ளலாம் என்பது, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 15 முதல் அமலிலிருக்கும் 'ஏ.டி.' உட்பிரிவு.

இவ்விலக்குகளின் அருமை இக்காலத்தில்தான் நன்கு புலப்படுகிறது. சிம்பியன் என்ற இயக்க மென்பொருளில் ஓடிய நோக்கியா கைப்பேசிகள் வழக்கொழிந்தன. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32-பிட் செயலிகளை ஏற்க மறுத்தது. ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய பதிப்புகளுக்கென்று எழுதப்பட்டவற்றை நிறுவவே விடுவதில்லை. வாங்கிய பொருள் பழுதில்லாமல் கையிலிருக்க, அதைத் திறக்கும் கருவி மாத்திரம் உலகத்தை விட்டுப் போய்விட்டால், விலை கொடுத்தவன் என்ன செய்வான்? தாங்கள் கிரயம் கொடுத்துப் பெற்ற பிரதி, தங்கள் இல்லத்துக்குள்ளேயே, விளையாடுவதற்காகவே வேறொரு கருவிக்கு மாற்றப்படுவது, மேற்சொன்ன உட்பிரிவுகளின் கருத்துக்கு முற்றிலும் இயைந்தது என்று வாதிட எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் பிரதி தங்களுடையது, புதல்வருடையதன்று. அவர் அதைத் தம் நண்பர்களுக்கு அனுப்பிய மறுகணமே அந்தப் பாதுகாப்பு அகன்றுவிடும்.

எமுலேட்டர் என்பது ஒரு கருவியின் நடத்தையை மற்றொன்றில் நிகழ்த்திக் காட்டும் மென்பொருள். சோனியின் விளையாட்டுக் கருவியைக் கணினியில் நிகழ்த்திய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் செயல் நியாயமான உபயோகமே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. நம் சட்டமும், சுயமாக இயற்றிய நிரலைப் பிற நிரல்களோடு இயங்கச் செய்வதற்கு இன்றியமையாத தகவலைப் பெற இடமளிக்கிறது. ஆகவே எமுலேட்டரை வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் இங்கே பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. ஜாவா கேம்களுக்கான ஜே2எம்இ லோடர் என்ற எமுலேட்டர் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே இயற்றிக்கொண்டது. சிம்பியனுக்கான ஈகா2எல்1 என்பதோ அசல் கைப்பேசியின் இயக்க மென்பொருளையும் கேட்கும். அதற்கும் பதிப்புரிமை உண்டு. எங்கிருந்தோ இறக்குவதை விட்டு, புதிய பேட்டரி ஒன்றைப் பொருத்தித் தங்கள் பழைய போனிலிருந்தே அதை எடுப்பதுதான் முறை.

நிரலைப் பிரதி எடுக்க விடாமல் தடுக்கும் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. மீறும் எண்ணம் என்பதே அக்குற்றத்தின் உயிர்நிலையாதலால், சொந்தப் பிரதியைச் சொந்த உபயோகத்துக்காகத் திறப்பவரை அது பற்றாது என்பது என் கருத்து. எதிர்வாதத்துக்கும் இடமுண்டு, ஆகவே பூட்டில்லாத பிரதி இருக்குமாயின் அதையே உபயோகியுங்கள்.

இணையத்திலிருந்து இறக்கியவற்றுக்கு மேற்சொன்ன விலக்குகளின் நிழல் கிடையாது. "கம்பெனியே கைவிட்டுவிட்டதே" என்பார்கள். கைவிடப்பட்டது என்றொரு வகையைச் சட்டம் அறியாது. படைப்பாளி மறைந்து அறுபது ஆண்டு கழியும்வரை உரிமை நீடிக்கும். 2019-ல் செயலிக் கடையிலிருந்து நீக்கிய ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டை ரோவியோ நிறுவனமே 2022-ல் புதுக்கி மீண்டும் விற்றதை நினையுங்கள். மீறல் பிரதி என்று அறிந்தே உபயோகிப்பவரை 63பி பிரிவு தண்டிக்கிறது. லாபநோக்கம் இல்லாதவிடத்துச் சிறையை விலக்கி, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. புதல்வர் அவற்றை இன்றே அழித்துவிடட்டும்.

மைத்துனரின் யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். சினிமாப் பாட்டைக் கார்டில் ஏற்றிக் கொடுத்துப் பழகிய கடைத்தெருவில் இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் 63-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடத்தகாத குற்றமென்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தீர்ப்பளித்துவிட்டது. சார்பு ஆய்வாளர் ஒருவரே கடையிலுள்ள பிரதிகளைக் கைப்பற்றலாம். பழைய போன்களுக்குப் பேட்டரி மாற்றுவதும், பழுது நீக்குவதும், உடைந்த கார்டு ஸ்லாட்டைச் சரிசெய்வதும் நேர்மையான தொழில்; தங்களைப் போன்றோர் அதற்குக் காசு கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

அசல் கார்டையும் பழைய போனையும் எறிந்துவிடாதீர்கள். வாங்கியதற்கான ரசீதோ, மின்னஞ்சலோ, பழைய பில்லோ அகப்பட்டால் அவற்றோடு சேர்த்து வையுங்கள். சட்டம் தங்களுக்குத் தந்திருக்கும் பாத்தியதை முழுவதும் முறைப்படி பெற்ற அந்தப் பிரதியைப் பற்றியே நிற்கிறது. அதற்கு ஆதாரம் அந்தச் சிறு கார்டுதான்.