மிச்சமான ஃபிளக்ஸை என்ன செய்வது?

சோல்டர் செய்யப் பழகுறவங்க என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அண்ணா, போர்டுல ஃபிளக்ஸ் மிச்சம் நிக்குது. அப்படியே விட்டுடலாமா, துடைக்கணுமா?” ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அது எந்த வகை ஃபிளக்ஸ், முழுச் சூடு பட்டதா, அந்தச் சர்க்கியூட் எவ்வளவு நுட்பமானது என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஃபிளக்ஸின் வேலையைத் தெரிந்துகொள்வோம். செம்பின் மேல் காற்று பட்டால் ஆக்சைடு படலம் உண்டாகும். அதன் மேல் சோல்டர் ஒட்டாமல் முத்து மாதிரி உருளும். ஃபிளக்ஸில் இருக்கும் அமிலம் சூட்டில் அந்தப் படலத்தைக் கரைத்து வழிவிடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

ரோசின்: பைன் மரப் பிசினிலிருந்து வருவது. சூடு பட்டு ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகி, மிச்ச அமிலத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

நோ-கிளீன்: மிச்சம் குறைவு. ஆனால் “துடைக்க வேண்டாம்” என்பது முழுச் சூடு பட்டதற்கு மட்டும்தான். சிரிஞ்சிலிருந்து வழிந்து, சூடு படாமல் ஓரத்தில் நிற்கிறதே, அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

நீரில் கரையும் வகை: அமிலம் கடுமையானது. வேலை முடிந்ததும் சுத்தமான வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக உலர்த்தியே ஆக வேண்டும்.

தண்ணீர்க் குழாய் ஒட்டப் பயன்படும் ஃபிளக்ஸை மட்டும் போர்டு பக்கமே கொண்டுவராதீங்க. அது செம்பை அரித்துவிடும்.

நம் நாட்டில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். பிசுபிசுப்பாக நிற்கும் ஃபிளக்ஸ் அந்த ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். ஒரு வீட்டு ஆட்டோகேட் போர்டு என்னிடம் வந்தது. ஏற்கெனவே வேறோர் இடத்தில் பழுதுபார்த்தது. வெயிலில் ஒழுங்காக ஓடும். மழை பெய்த இரவில் கேட் தானாகவே திறந்துகொள்ளும். அந்த வீட்டுப் பாட்டிக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம். திறந்து பார்த்தேன். பட்டன் ஒயர் வரும் பின்களைச் சுற்றி ஃபிளக்ஸ் கூழாகக் கிடந்தது. அதன் வழியே கசிந்த மின்சாரத்தை, யாரோ பட்டனை அழுத்தியதாகப் போர்டு எடுத்துக்கொண்டது. எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. சுத்தம் செய்தேன், சரியாகிவிட்டது.

சென்சார் போர்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 10 மெகா ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஃபிளக்ஸும் 10 மெகா ஓம் பாதை போட்டால், சர்க்கியூட்டுக்குத் தெரிவது 5 மெகா ஓம்தான். அளவு தப்பாகும், காரணம் கண்ணுக்கே தெரியாது.

சரி, ரோசினையும் நோ-கிளீனையும் எப்படிச் சுத்தம் செய்வது?

1. மின்சாரத்தைத் துண்டியுங்கள். பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் மிச்சமில்லை என்று அளந்து பாருங்கள்.

2. அயர்னை அணைத்து ஆறவிடுங்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

3. 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். 70 விழுக்காட்டில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். வெள்ளைப் படலம் விட்டுப்போகும்.

4. அந்த இடத்தை நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள்.

5. ஆல்கஹால் காய்வதற்கு முன்பே, பஞ்சு உதிராத துணியை வைத்து ஒற்றி எடுங்கள். புதிய ஆல்கஹால் விட்டு இன்னொரு முறை செய்யுங்கள்.

ஐந்தாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், கரைந்த ஃபிளக்ஸ் பறக்காது. ஒற்றி எடுக்காவிட்டால் ஓரிடத்தில் இருந்தது போர்டு முழுக்கப் பரவும். அதோடு, பிசின் பூட்டி வைத்திருந்த அமிலமும் வெளியே வந்துவிடும். அதனால் பாதி துடைப்பதைவிட, நன்றாக இறுகிய ரோசினைத் தொடாமல் விடுவதே மேல்.

ரிலே, சுவிட்ச், பஸ்ஸர், பிளக் இவற்றின் மேல் ஊற்றாதீர்கள். கரைந்த ஃபிளக்ஸ் உள்ளே போய்த் தொடுமுனைகளில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வழி, மிச்சமே வராமல் பார்த்துக்கொள்வது. எலெக்ட்ரோனிக் வேலைக்கான பெரும்பாலான சோல்டர் கம்பிகளுக்கு உள்ளேயே ஃபிளக்ஸ் இருக்கிறது. எடையில் சுமார் 2 விழுக்காடு. புதிய போர்டில் சாதாரண ரெசிஸ்டர் வைக்க அதுவே போதும். பழைய போர்டு, நெருக்கமான கால்கள் உள்ள ஐசி, பின்னல் வைத்து சோல்டரை உறிஞ்சி எடுப்பது, இவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சொட்டு வையுங்கள்.

கடைசியாக, காய்ந்த போர்டின் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பளபளப்பான திட்டோ வெள்ளைப் படலமோ தெரிந்தால் நான்காவது படிக்குத் திரும்புங்கள். தெரியாவிட்டால் மூடியைப் பூட்டலாம்.